திருப்பலியில் மௌனம் வேண்டும்

ஆசிரியருக்கு,

கத்தோலிக்கரின் பழைய லத்தீன் திருப்பலியை (பூசையை) நாடும் இளைஞர்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்கள் நவீன காலத்தை வெறுத்து ஓடுகிறவர்கள் என்ற முடிவை ஏற்க இயலவில்லை. 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவ்வழிபாட்டுக்குத் தாராளமாக அனுமதி அளித்தார். 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதைக் கட்டுப்படுத்தினார். மொழியைப் பற்றிய இந்த விவாதத்தில் மௌனம் மறந்துபோகிறது. இளைஞர்கள் தேடுவது அதைத்தான் என்று நம்புகிறேன். வழிபாட்டைத் தாய்மொழிகளுக்குத் திறந்துவிட்ட, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே, 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணத்தில், உரிய நேரங்களில் பக்தியோடு மௌனம் காக்கச் சொல்கிறது.

அண்மையில் உறவினர் ஒருவரின் திருமணத் திருப்பலிக்குச் சென்றிருந்தேன். குரு அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் பீடத்துக்கு மேலே ட்ரோன் கேமரா பறந்தது. அதன் இரைச்சலில் பூசை உதவிச் சிறுவன் அடித்த மணி காதில் விழவில்லை. முழங்காலிட்டிருந்த என் தாயாரே அண்ணாந்து கேமராவைப் பார்த்துவிட்டு, வீடு திரும்பும்வரை வருந்தினார். தமிழ்த் திருப்பலியை நேசிப்பதால்தான் இது எனக்கு வலிக்கிறது. காணிக்கை தொடங்கி நன்மை (நற்கருணை) வாங்கி முடியும்வரை படப்பிடிப்புக்கு அனுமதியில்லை எனப் பங்கு ஆலயங்களின் பேரவைகள் முடிவெடுக்கட்டும். நற்கருணைக்குப் பின் ஐந்து நிமிடமாவது கீபோர்டும் ஒலிபெருக்கியும் ஓய்ந்திருக்கட்டும்.