மழைக்காலத்துக்கு முன் ஃப்ளூ தடுப்பூசி

குடியிருப்பு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழையோடு சென்னையில் ஃப்ளூ காய்ச்சலும் கூடுவது வழக்கம். தடுப்பூசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும் என்பதால், இன்னும் போடாதவர்கள் மழை தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

சென்ற ஆண்டு போட்டதே போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த வைரஸ் தொடர்ந்து உருமாறுவதால், தடுப்பூசியில் எந்தெந்த வகைகள் இடம்பெற வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு 2 முறை பரிந்துரைக்கிறது. பழைய ஊசியின் பாதுகாப்பும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடும். ஊசியே ஃப்ளூவைக் கொண்டுவரும் என்ற அச்சம் வேண்டாம். ஊசி போட்ட கையில் வலியும், ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் சிலருக்கு வரலாம், அவ்வளவே.

முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளோர் தள்ளிப்போடவே கூடாது. 6 மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு இந்த ஊசி போட இயலாது. ஆகவே அதை மடியில் வைத்துக் கொஞ்சும் தாத்தா, பாட்டி முதல் குளிப்பாட்ட வரும் அம்மா வரை, சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதே அதற்குக் காப்பு. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால், வீட்டுப் பணியாளர்களுக்கான செலவை அந்தந்த வீட்டாரே ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். முன்பு தடுப்பூசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கலந்து முடிவெடுக்கவும்.