சட்டைக்கும் பிறப்பிடம் கேட்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் என்றாலே ஏற்றுமதி கொழிக்கும் என்கிறார்கள். 2018இல் இலங்கை சிங்கப்பூருடன் செய்ததையே பாருங்கள். அந்த நாடு அதற்கு முன்பும் அநேகமாக எந்தப் பொருளுக்கும் இறக்குமதி வரி வாங்கியதில்லை. வரியை விட்டுக்கொடுத்தது நாம்தான். முதலீடு வரும் என்றார்கள், வரட்டும்.

ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையருகே பல வருடங்கள் நின்றவன் நான். சுருளைப் பிரித்தால் ஓரத்தில் பெரும்பாலும் சீன எழுத்து. அந்தத் துணியை இங்கே வெட்டித் தைப்பதால் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச்சலுகை கிடைக்காது; துணி எங்கே நெய்தது என்றும் கேட்கிறார்கள். சட்டை வரி கட்டித்தான் அங்கே நுழையும். அந்தச் சலுகையும் ஒப்பந்தம் அல்ல, அவர்களாகத் தருவது. 2010இல் நிறுத்தி 2017இல்தான் திருப்பித் தந்தார்கள். இடையில் எங்கள் மேலதிக நேர வேலை போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

பேரம்பேசி வாங்கும் ஒப்பந்தம் இதைவிட உறுதியானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெசவாலை இல்லாமல் வரிச்சலுகையை வைத்து என்ன செய்வது? அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதன் தமிழ், சிங்கள வாசகங்களை வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற தொழிலாளி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13