உலர்ந்த நகைச்சுவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் ஒருவரைப் பற்றி வந்த மொழிபெயர்ப்புக் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அவருடைய ‘உலர்ந்த நகைச்சுவை’ என்று மூன்று இடத்தில் வருகிறது. எட்டிப் பார்த்த என் மனைவி, “ஏங்க, நகைச்சுவையிலயும் கருவாடு போட ஆரம்பிச்சுட்டாங்களா?” என்றாள். ஆங்கிலத்தின் ‘டிரை ஹியூமர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதால் வந்த வினை இது. ‘டிரை’ என்ற அந்தச் சொல்லோடு இருபத்தாறு வருஷம் பிழைப்பு நடத்தியவன் நான். ஈரோட்டில் டிரை கிளீனிங் கடை வைத்திருந்தேன். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

கடையில் வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். ஒரு அம்மா மகளின் கல்யாணப் பட்டைக் கொண்டுவந்து, “நனைக்காமத்தான வெளுப்பீங்க?” என்றார். உள்ளே கூட்டிப் போய் மெஷினைக் காட்டினேன். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் கோட்டும் சேலையும் தொப்பலாக நனைந்து புரண்டுகொண்டிருந்தன. “இதென்னங்க, தண்ணியில போட்டுருக்கீங்க!” என்று பதறிவிட்டார். அது தண்ணீர் இல்லை, பெர்குளோரோஎத்திலீன் என்ற ரசாயனம். எண்ணெய்க் கறையைக் கரைக்கும், பட்டைச் சுருக்காது என்று விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. துணி நனையத்தான் செய்கிறது, தண்ணீர் மட்டும் படுவதில்லை. அதற்குப் பெயர் ‘டிரை’!

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஈரம் இல்லை என்பது நேர்ப்பொருள். அதைத் தாண்டினால், இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை என்பதுதான் பொருள். எது இல்லை என்பது இடத்துக்கு இடம் மாறும். டிரை ஒயினில் இல்லாதது இனிப்பு. டிரை டோஸ்ட்டில் வெண்ணெய் இல்லை; நம் ஊரில் வெறும் ரொட்டி. கன்று போடுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு கறவையை நிறுத்திய மாடும் டிரைதான். ஒரு விவசாயக் குறிப்பில் அதை ‘உலர் பசு’ என்று எழுதியிருந்தார்கள். மாட்டைக் கொடியில் காயப் போட்டது போல இருந்தது. பால் வற்றிய மாடு என்றால் யாருக்குப் புரியாது?

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதுமே ‘டிரை’. ஆறு குளம் வற்றிவிடவில்லை, மதுவிலக்கு. அந்த வழக்கில்தான் நம் நாட்டில் அக்டோபர் 2 ‘டிரை டே’. நம் ஊரில் கேட்டால் ‘இன்னிக்குக் கடை லீவு’ என்பார்கள். எந்தக் கடை என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு வேடிக்கையாக இருப்பது வேறொன்று. பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் ஆட்சியில், அவருடைய சிக்கன நடவடிக்கைகள் ஏழைகளை வதைக்கும் என்று சொன்ன அவர் கட்சிக்காரர்களையே ‘வெட்’, அதாவது ஈரமானவர்கள், என்று கேலி செய்தார்கள். அவர் பக்கம் நின்றவர்கள் ‘டிரை’. அங்கே ஈரம் வசவு! இங்கே நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவான். வள்ளுவரே ‘இன்சொலால் ஈரம் அளைஇ’ என்று அன்பைத்தான் ஈரம் என்கிறார். நமக்கு வறட்சி எப்போதும் குறைதான்: வறட்டு கௌரவம், வறட்டுப் பிடிவாதம், வறட்டு வேதாந்தம். மழை விடாமல் பெய்யும் ஊர்க்காரனுக்குக் காய்ந்திருப்பது சுகம், வானம் பார்த்த பூமிக்காரனுக்கு நனைவது சுகம் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். மொழியறிஞர்கள் மன்னிக்கட்டும்.

ஆகவே, ‘உலர்ந்த நகைச்சுவை’ என்று படிக்கும் தமிழருக்கு, அந்த மனிதர் சிரிப்பு வராத ஜோக் அடிப்பவர் என்றுதான் தோன்றும். ஆங்கிலத்தில் அது பாராட்டு. அங்கே இல்லாதது சிரிப்பு அல்ல, சொல்வது ஜோக் என்பதற்குச் சொல்பவர் முகத்தில் தெரிய வேண்டிய அறிகுறி. அதற்கு எங்கள் கொங்குப் பக்கத்தில் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: ஊமைக்குசும்பு. கட்டுரைக்குக் கொச்சையாகப்பட்டால் ‘முகம் மாறாமல் சொல்லும் நையாண்டி’ என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

என் மாமா ஒருவர் இதில் கெட்டிக்காரர். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாரில் பருப்பையே காணோம். மாப்பிள்ளையின் அப்பா வந்து, “சாம்பார் எப்படிங்க இருக்குது?” என்று பெருமையாகக் கேட்டார். மாமா இலையையே உற்றுப் பார்த்தபடி, “கண்ணாடியாட்ட இருக்குதுங்க. இப்பத்தான் பார்த்துத் தலை சீவுனேன்” என்றார். சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ரசம் கேட்டார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஈரோடு