சட்டம் இருக்கிறது, சாட்சியம்தான் நழுவுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் மேடையில் மதத்தைச் சொல்லித் தூண்டிவிடுகிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது என்று பலரும் அலுத்துக்கொள்கிறார்கள். முடியும். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, தேர்தலையொட்டி மதப் பகைமை மூட்டும் எவர் மீதும் பாயும். அவர் வேட்பாளராக இருக்க வேண்டியதில்லை. தண்டனை 3 ஆண்டு வரை சிறை. வெறும் அபராதத்தோடு விட்டாலும் அதே சட்டத்தின் 8(1)-இன்படி 6 ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது. அரசியல்வாதிக்கு உறைக்கிற இடம் அதுதான்.

புகார் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 196-ஐ, அதாவது பொதுவான பகைமை மூட்டல் பிரிவை, மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பிரிவில் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். பேசியவர் ஆளுங்கட்சிக்காரர் என்றால் கோப்பு எங்கே தூங்கும் என்று சொல்லத் தேவையில்லை. 125-க்கு அந்த அனுமதி தேவையில்லை. அதையும் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்டால் வெற்றியையே செல்லாததாக்கும் 123(3), அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் இன்னொரு பிரிவு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரி 2-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆனால் வேட்புமனுத் தாக்கலுக்குப் பிறகுதான் ஒருவர் சட்டத்தின் கண்ணில் ‘வேட்பாளர்’. ஊர்வலமும் ஒலிபெருக்கியுமாக ஊரைச் சூடேற்றுவதோ அதற்குப் பல மாதம் முன்பு. கல்வீச்சு வரை போனாலும் அந்தப் பேச்சு தேர்தல் வழக்கில் கணக்கில் வராது.

வெற்றியை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் தேர்தல் மனுவை வாக்காளரும் போடலாம், முடிவு வந்த 45 நாளுக்குள். 46-ஆம் நாள் போனால் தாமதத்தை மன்னிக்க வழியில்லை. பேசியவர் வேட்பாளரோ அவருடைய முகவரோ அல்ல என்றால், அவர்களின் சம்மதத்தோடுதான் பேசினார் என்று காட்ட வேண்டும். இங்கேதான் பல மனுக்கள் சறுக்குகின்றன. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை மட்டும் நீட்டினால் போதாது. கேரளத்தின் ஏறநாடு தொகுதி வழக்கில் (மத விவகாரம் அல்ல) பிரச்சாரக் குறுந்தகடுகளை, மின்னணுப் பதிவுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழ் இல்லை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கியது. இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63(4)-இன்படி, பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணோடு இரண்டு பகுதிச் சான்றிதழ் வேண்டும்: ஒன்று பதிவைத் தாக்கல் செய்பவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. படம் பிடித்த போனை விற்றுவிடாதீர்கள்.

மனுவை 6 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். மும்பை வில்லே பார்லே இடைத்தேர்தல் 1987 டிசம்பரில் நடந்தது. மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்டதால் அந்த வெற்றி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1995 டிசம்பரில். அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் 1990-லேயே முடிந்துபோயிருந்தது.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்