மூன்று நாள் உபவாசத்துக்கு முன்னால் ஒரு டாக்டரைக் கேளுங்கள்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாமார்களுக்கும், ஜெபவீடு நடத்துகிற ஊழியர்களுக்கும், பெண்கள் ஐக்கியச் சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம்.

நாகர்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் கொத்தனார். 16 வருஷம் குடித்தார். குடியை விட்டு வருகிற ஆகஸ்டோடு 8 வருஷம் ஆகிறது. அவரை விடுவித்தது ஆண்டவர்தான். இதை நான் யார் முன்னாலும் சொல்லுவேன். ஆனால் எப்படி விடுவித்தார் என்பதைச் சபையில் சொன்னபோதெல்லாம் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். விழுங்கின பாதியை இப்போது எழுதுகிறேன். அது தெரியாததால் இன்னொரு வீட்டில் ஓர் உயிர் போய்விடக் கூடாது.

முதலில் நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு ஜெபவீட்டுக்கு. மூன்று நாள் தங்கி உபவாச ஜெபம். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். புதன்கிழமை ராத்திரி ஒரு குவார்ட்டர் குடித்ததுதான் கடைசி. வியாழன் காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வேர்வை. "ஆவியானவர் கிரியை செய்கிறார், பயப்படாதேயுங்கள்" என்றார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வலிப்பு வந்தது. யாரோ ஓர் இரும்புச் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தார்கள். அடங்கிவிட்டது என்று நினைத்தோம்.

அன்று ராத்திரி அவர் தூங்கவே இல்லை. விடியற்காலையில் ஜமுக்காளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு "எறும்பு, எறும்பு" என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஓர் எறும்பும் இல்லை. அப்புறம் எழுந்து சுவரைப் பார்த்து நின்றார். வலது கையில் கரண்டி இருப்பதுபோல, கலவையை எடுத்து அப்பி, இழுத்து, மட்டம் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்து "கலவை எங்கே புள்ளே, வெயில் ஏறுது" என்று சத்தம் போட்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சித்தாள் என்று நினைத்துக்கொண்டார். மூன்று பேர் அவரைப் பிடித்துத் தரையில் அழுத்தி, தலையில் எண்ணெய் ஊற்றி, "வெளியே போ" என்று கத்தினார்கள். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். எங்களுக்கு அது பிசாசாகத்தான் தெரிந்தது.

என் அண்ணன் வந்து சண்டை போட்டு ஆட்டோவில் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது குடித்தார்?" மூன்று நாளாக அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. என் புருஷனைப் பற்றி எல்லாம் தெரிந்த எனக்கே அது முக்கியம் என்று தோன்றவில்லை.

அவர்கள் விளக்கினதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சாராயம் மூளையை அமுக்கி வைக்கிற சரக்கு. வருஷக்கணக்கில் தினமும் அமுக்கினால், மூளை அதற்கு ஈடுகொடுக்க எந்நேரமும் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டே இருக்கும். திடீரென்று குடியை நிறுத்தினால் அமுக்கின கை விலகிவிடும், முறுக்கு மட்டும் மிஞ்சும். அதனால்தான் சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வேர்வையும் வருகிறது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரியும். செய்த தொழிலையே வெறுங்கையால் செய்துகொண்டிருப்பார்கள். வைத்தியம் பார்க்காவிட்டால் சாவு வரைக்கும் போகிற நிலைமை அது. அதற்கு மேல், குடிக்கிறவர்கள் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள் இல்லையா, உடம்பில் பி1 வைட்டமின் காலியாகிவிடும். அதை ஊசியாக ஏற்றாவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகவே கெட்டுப்போகலாம்.

இப்போது கணக்குப் பாருங்கள், ஐயா. நாம் வழக்கமாக வைக்கிற மூன்று நாள் உபவாசம் அந்த ஆபத்தான நாட்களின் மேலேயே போய் விழுகிறது. உடம்புக்குச் சத்தும் நீரும் அவசியமாக வேண்டிய நேரத்தில் நாம் சோற்றை நிறுத்துகிறோம். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. தெரியாமல்தான் செய்தோம். இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று எனக்கே நினைவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு 40-ஆம் சங்கீதத்தைச் சொன்னேன். உளையான சேற்றிலிருந்து தூக்கியெடுத்து என் கால்களைக் கன்மலையின்மேல் நிறுத்தினார் என்கிற வசனம். குளுக்கோஸ் பாட்டில் சொட்டுகிற அந்த வார்டில் நான் ஜெபித்த ஜெபம் ஜெபவீட்டில் ஜெபித்ததைவிட எந்த விதத்திலும் குறைந்தது இல்லை.

எசேக்கியா ராஜாவின் கதையை நீங்கள் எத்தனையோ தடவை பிரசங்கம் பண்ணியிருப்பீர்கள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபித்தான். "உன் விண்ணப்பத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைக் கண்டேன்" என்று கர்த்தர் சொன்னார். 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். நாம் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அடுத்ததாக ஏசாயா என்ன செய்யச் சொன்னார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். ஜெபத்துக்குப் பதில் வந்த பிறகும் பற்றுப் போட்டார்கள். ராஜா பிழைத்தான். "மருந்து எடுத்தால் விசுவாசம் குறைச்சல்" என்று அன்றைக்கு யாரும் சொன்னதாக வேதத்தில் இல்லை.

சரி, ஆஸ்பத்திரியோடு எல்லாம் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்தில் கன்வென்ஷன் கூட்டத்தில் அவரை மேடையேற்றி சாட்சி சொல்ல வைத்தார்கள். மைக்கைப் பிடித்தபோது கை இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கூட்டமே கைதட்டித் துதித்தது. நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கூலி வாங்கின கையோடு கடைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் ஆலயப் படியே ஏறவில்லை. குடித்ததைவிட, மேடையில் சொன்னது பொய்யாகிப் போனதுதான் அவரை அதிகமாக அரித்தது. ஒரு சகோதரி எனக்கு ஆறுதல் சொல்ல வந்து, "விசுவாசம் பத்தலை, வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கு" என்றார்கள். அன்று ராத்திரி நான் என் பாவங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

மறுபடியும் அவரை எழுப்பிவிட்டது, முன்னால் குடித்து இப்போது விட்டிருந்த ஒரு பெயின்டர். ஏ.ஏ. என்று சொல்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறவர். வீட்டுக்கு வந்து உபதேசம் எதுவும் பண்ணவில்லை. தன் கதையைச் சொன்னார், டீ குடித்தார், போனார். அடுத்த வாரமும் வந்தார்.

அந்த இயக்கம் பிறந்த கதையை நான் அவர்களிடம்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் பில் வில்சன் என்று ஒரு குடிநோயாளி. 1934 டிசம்பரில், அறை முழுக்க வெளிச்சம் நிரம்பினதுபோல் ஓர் அனுபவம் அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை. அந்த அனுபவம் வந்தபோது அவர் இருந்தது நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், சிகிச்சையில். அவரை விசுவாசத்தின் பக்கம் இழுத்தது ஆக்ஸ்போர்டு குரூப் என்கிற கிறிஸ்தவ ஜெபக் கூட்டம். அடுத்த மே மாதம் ஆக்ரன் என்கிற ஊரில் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். டாக்டர் பாபும் அதே கூட்டத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தவர்தான், ஆனால் குடியை விட முடியாத அறுவை மருத்துவர். பில்லோடு பேசின பிறகு குடியை நிறுத்தினார். சில வாரத்திலேயே ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய் மறுபடியும் குடித்துவிட்டுத் திரும்பினார். யாரும் அவரைத் தள்ளிவிடவில்லை. 1935 ஜூன் 10-ஆம் தேதி கடைசியாகக் குடித்தார். அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. இன்றைக்கும் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. 1950-இல் இறக்கிற வரைக்கும் அவர் மதுவைத் தொடவில்லை. எசேக்கியாவுக்குக் கிடைத்த அதே 15 வருஷம் என்று எனக்குத் தோன்றும்.

ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல. அங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் நம்மவர்களும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற ஊழியர்கள் உண்டு. ஆனால் அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது என்ன? நம் தப்புகளைக் கடவுளிடமும், நம்மிடமும், இன்னொரு மனுஷரிடமும் ஒளிக்காமல் ஒத்துக்கொள்வது. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு எழுதினதும் அதுதானே. ஆக்ரனில் முதலில் கூடினவர்கள் யாக்கோபின் நிருபத்தை விரும்பி வாசித்தவர்கள். நம் நிருபத்தை அவர்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், நாம் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறோம்.

அப்படியானால் ஜெபம் எதற்கு என்று கேட்பீர்கள். மருந்து அந்த ஐந்து நாளில் உடம்பைத் தாங்கியது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு சனிக்கிழமையையும் ஜெபம்தான் தாங்கியது. சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடியும். பையில் வாரக் கூலி. வருகிற வழியில் டாஸ்மாக், 2003-இலிருந்து அரசாங்கமே நடத்துகிற கடை, மணி பத்து வரைக்கும் திறந்திருக்கும். அதற்கு முன்னால் ஒரு புளியமரம் இருக்கிறது. அங்கே பைக்கை நிறுத்திவிட்டு, "ஆண்டவரே, இன்றைக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் அந்த இடத்தைத் தாண்டுவார். இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்கே அதைச் சொன்னார். "என் கிருபை உனக்குப்போதும்; பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புளியமரம்தான் ஞாபகம் வரும். மாத்திரை அவரைக் கடைத் தெருவில் கைபிடித்து நடத்தாது. அதைச் செய்தது ஆண்டவர்.

ஆகையால் உங்களிடம் சில காரியங்களைக் கேட்கிறேன்.

தினமும் குடிக்கிற ஒருவர் ஜெபத்துக்கு வந்தால், கை வைக்கிறதுக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது குடித்தீர்கள்? நடுக்கமோ வேர்வையோ இருந்தால், முன்னால் வலிப்பு வந்திருந்தால், அவரை உபவாசத்துக்கு உட்கார வைக்காதேயுங்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், முடிந்தால் கூடவே போங்கள். எந்த இடத்துக்குப் போவது என்று தெரியாவிட்டால் 14446 என்கிற இலவச உதவி எண் இருக்கிறது, அதை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மா தன் கணவரைக் குடியால் இழந்த பிறகு 1980-இல் தொடங்கின டி.டி.கே. ஆஸ்பத்திரி போல, இதற்கென்றே இருக்கிற இடங்களும் உண்டு.

குடியை விட்டவர்கள் மறுபடியும் குடிக்காமல் இருக்க டாக்டர் கொடுக்கிற டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சபையில் இருக்கலாம். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது கொஞ்சம் மது உள்ளே போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ஆகவே திருவிருந்தில் புளிக்காத திராட்சச் சாறு கொடுங்கள். என் வீட்டுக்காரர் கிண்ணத்தை வேண்டாம் என்று ஒதுக்கினபோது பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூனிக் குறுகினார். சகோதரிகளுக்கும் ஒன்று: அந்த மாத்திரையைப் புருஷனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்காதேயுங்கள். தெரியாமல் அவர் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சாட்சி சொல்ல அவசரப்படுத்தாதேயுங்கள். ஒரு வருஷம் போகட்டும், அவராகவே கேட்கட்டும். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு தொட்டபோது, முதலில் மனுஷர்கள் அவனுக்கு மரங்களைப்போலத் தெரிந்தார்கள். அவர் இரண்டாம் தரமும் கை வைத்தார். இரண்டாம் தரம் வருகிறவனை உங்கள் சபையில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். அவன் மனைவியிடம் மறைவான பாவம் என்ன என்று கேட்காதேயுங்கள். பிள்ளைகளுக்கு அன்றைக்குச் சோறு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு எங்கள் ஏ.ஏ. கூட்டத்துக்கு இப்போது ஓர் அரிசிக் கடையின் பின்கட்டைத்தான் கொடுத்திருக்கிறார்கள். மழை பெய்தால் ஒழுகும். ஒரு ஆள் பேச ஆரம்பிக்கும்போது பக்கெட்டில் சொட்டுகிற சத்தம்தான் பெரிசாகக் கேட்கும். நம் ஆலயத்தின் ஞாயிறு பள்ளி அறை வாரத்தில் ஆறு நாள் பூட்டித்தான் கிடக்கிறது. சாவியை ஒரு ராத்திரிக்குக் கொடுத்தால் போதும். ஒன்பது மணிக்குப் பெருக்கி, பெஞ்சை இருந்தபடி போட்டுவிட்டு, சாவியை உங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவோம்.

கர்த்தருக்குள்,
ஒரு தையல்காரி