பயோடீசலுக்கான காஸ்டிக் சோடா அளவை எண்ணெயைச் சோதித்தே முடிவுசெய்ய வேண்டும்

ஆசிரியருக்கு,

பொரித்து மிஞ்சிய எண்ணெயை, டீசலுக்கு மாற்று எரிபொருளான பயோடீசலாக்கும் குறிப்புகள் பலவற்றில் ‘லிட்டருக்கு 3.5 கிராம் காஸ்டிக் சோடா’ என்று ஒரே அளவுதான் இருக்கிறது. எண்ணெய் மெத்தனால் என்ற ஆல்கஹாலோடு வினைபுரிந்து பயோடீசலாக மாறத் தூண்டுவது இந்தச் சோடாதான். ஆனால் அந்த அளவு புது எண்ணெய்க்கான கணக்கு. பழைய எண்ணெயில் அப்படியே போட்டால் எண்ணெயில் ஒரு பகுதி மாறாமல் நின்றுவிடும்.

திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் பிரிந்து கிடக்கும். போடும் சோடாவில் ஒரு பங்கை அவை பிடித்துக்கொண்டு சோப்பாகும். அந்தப் பங்கை அளந்துவிடலாம். 1 லிட்டர் வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) 1 கிராம் சோடாவைக் கரையுங்கள். 10 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 1 மி.லி. எண்ணெயும் இரண்டு சொட்டு பினால்ப்தலீனும் (காரம் மிகுந்தால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) கலந்து, சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் கலையாமல் நின்றால் நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மி.லி.க்கும் 1 கிராம் சோடா கூடுதல்: 2.5 மி.லி. கரைசல் செலவானால் 3.5 உடன் 2.5 கூட்டி, லிட்டருக்கு 6 கிராம். இந்தச் சோதனையில் ஐந்தாறு மி.லி.க்கு மேல் கரைசல் கேட்கும் எண்ணெயை முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்துப் பக்குவப்படுத்த வேண்டும். நேரடியாகச் செய்தால் சோப்புக் கூழ்தான்.

அடுத்த எதிரி ஈரம். வடிகட்டிய எண்ணெயை 110 டிகிரி வரை மெதுவாகச் சூடாக்கி, குமிழி அடங்கும்வரை வைத்திருங்கள். பிறகு 55 டிகிரிக்கு ஆறவிடுவது கட்டாயம், ஏனெனில் மெத்தனால் 65 டிகிரிக்குள் கொதித்துவிடும். லிட்டர் எண்ணெய்க்கு 200 மி.லி. மெத்தனாலில் சோடாவை முழுதாகக் கரைத்து ஊற்றி, மூடிய கலத்தில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அரித்துவிடும். இரவு முழுக்கத் தெளியவிட்டால் அடியில் கருத்த கிளிசரின் இறங்கும். அதை வடித்துவிட்டு, மேலே நிற்பதில் 3 மி.லி. எடுத்து 27 மி.லி. மெத்தனாலில் விடுங்கள். முழுதும் கரைந்தால் சரி. அடியில் எண்ணெய் தங்கினால் வினை முடியவில்லை. மறுபடி மெத்தனாலும் சோடாவும் சேர்த்துத்தான் ஆக வேண்டும். தேறியதைத் தண்ணீரில் கழுவி, ஈரம் போக உலர்த்த வேண்டும். முதல் கழுவலில் வேகமாகக் குலுக்கினால் பால்போல் கலங்கிப் பிரியவே பிரியாது.

செய்முறையை வெளியிடும் எவரும் மெத்தனாலைப் பற்றித் தவறாமல் எழுத வேண்டுகிறேன். அதன் தீச்சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. ஆவியும் தோல்வழி உறிஞ்சலும் நஞ்சு, உடலுக்குள் போனால் பார்வையே போகலாம். காற்றோட்டமான வெளியிடம், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அடுப்புச் சுடர் அருகில் இருக்கவே கூடாது. வடித்த கிளிசரினிலும் மெத்தனால் மிச்சமிருக்கும். அதைச் சாக்கடையில் கொட்டுவதும் அப்படியே கை கழுவ எடுப்பதும் ஆபத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்