ஆண்டு பாஸில் சொன்ன புதிய மேப்பும் கதையும் வராதது குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் ஆன்லைன் விளையாட்டின் ஆண்டு பாஸ் வாடிக்கையாளர், சேலம்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: அறிவித்த உள்ளடக்கத்தைத் தராதது, மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்பது

ஐயா / அம்மா,

வணக்கம். ஓராண்டில் வரும் புதிய உள்ளடக்கத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டும் உங்கள் விளையாட்டின் ஆண்டு பாஸை, அது விற்பனைக்கு வந்த வாரமே வாங்கினேன். பணம் கட்டும் பக்கத்திலேயே அந்த ஆண்டுக்கான அட்டவணையைப் போட்டிருந்தீர்கள். நான்கு சீசன், ஒவ்வொன்றிலும் ஒரு புதிய மேப் (ஆடும் களம்), ஒரு புதிய அரக்கன், கதையில் ஒரு புதிய அத்தியாயம். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். மூன்றாவது சீசன் முடியப்போகிறது. உண்மையிலேயே புதிதாக வந்தது முதல் சீசனின் மேப்பும் அரக்கனும்தான். கதையில் ஒரு அத்தியாயம்கூட வரவில்லை.

போன மாதம் வந்த அப்டேட்தான் என்னை எழுத வைத்தது. 'புதிய மேப்' என்று அறிவித்திருந்தீர்கள். எங்கள் குழுவில் எல்லோரும் ராத்திரியே டவுன்லோடு போட்டுவிட்டுக் காத்திருந்தோம். உள்ளே போனால், முதல் சீசனில் பகலில் ஆடிய அதே பனிக்கிராமம். இப்போது இரவு, கூடவே கொஞ்சம் பனிமூட்டம். பாலத்துக்குப் பக்கத்தில் சக்கரம் கழன்று கிடந்த வண்டி அதே இடத்தில் கிடக்கிறது. மாவு மில்லுக்குப் பின்னால் சுவருக்கும் பீப்பாய்க்கும் நடுவே போனால் ஆள் மாட்டிக்கொள்ளும், விளையாட்டையே மூடித் திறந்தால்தான் வெளியே வர முடியும். அந்தக் கோளாறைப் படத்தோடு முதல் சீசனிலேயே உங்களுக்கு அனுப்பியிருந்தேன். இந்த மேப்பிலும் அதே இடத்தில் மாட்டுகிறது. புதிதாகக் கட்டிய மேப்பில் அது எப்படி வரும்?

அரக்கனும் அப்படித்தான். நிறம் சிவப்பாகியிருக்கிறது, சாக அதிக நேரம் பிடிக்கிறது. ஆனால் கையை ஓங்குவதற்கு முன்னால் இடது காலைப் பின்னுக்கு வைக்கும் அசைவு வரைக்கும் பழையதுதான். எப்போது விலக வேண்டும் என்று முதல் ஆட்டத்திலேயே எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதே மாதங்களில் உங்கள் கடையில் மட்டும் வாரம் தவறாமல் புது ஸ்கின் (பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் உடை) வந்துகொண்டிருந்தது.

தாமதத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு மேப்பை வரைந்து, ஒலி சேர்த்து, சோதித்து முடிக்க எத்தனை பேருடைய உழைப்பு வேண்டும் என்பது புரிகிறது. அவர்களை ராப்பகலாக வேலை வாங்கி முடிக்கச் சொல்லும் எண்ணமும் எனக்கு இல்லை. தாமதமானால் அதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டின் எண்ட்வாக்கர் என்ற விரிவாக்கம் 2021 நவம்பர் 23-ஆம் தேதி வருவதாக இருந்தது. முடியவில்லை என்றதும் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா தாமே மன்னிப்புக் கேட்டு, டிசம்பர் 7 என்று மாற்றுத் தேதி சொன்னார். வெளியானதும் சர்வரில் நுழையவே மணிக்கணக்கில் வரிசை. அதை வெளியிட்ட நிறுவனம் விளையாட்டின் விற்பனையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது, சந்தா கட்டியவர்களுக்கு முதலில் 7 நாள், அப்புறம் 14 நாள் இலவசமாகக் கொடுத்தது. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இன்னொரு ஆன்லைன் விளையாட்டில் புதிய உள்ளடக்கத்தைச் சேர்க்கும் முன் ஆடுபவர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். உங்களிடம் அந்த அளவுக்குக்கூட நான் எதிர்பார்க்கவில்லை.

இது பற்றி உங்கள் சேவைப் பிரிவுக்கு முன்பே எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு பதில் வந்தது, விளையாட்டுக்குள் செலவழிக்கக் கொஞ்சம் காசும் கணக்கில் ஏறியிருந்தது. நான் சொன்னது கருத்து இல்லை, புகார். நான் கொடுத்தது ரூபாய். அதற்கு உங்கள் கடையில் மட்டுமே செல்லும் காசு ஈடாகாது.

ஆண்டு பாஸ் தொகையில் இரண்டாம், மூன்றாம் சீசனுக்கு உரிய பங்கை, நான் பணம் கட்டிய அதே யுபிஐ கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். அது முடியாது என்றால், அறிவித்த மேப்புகளும் அத்தியாயங்களும் வந்து சேரும்வரை என் பாஸின் காலத்தை நீட்டியுங்கள். நான்காவது சீசனில் என்ன வரும், என்ன வராது என்பதை அது தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுங்கள். பழைய மேப்பைத் திருத்தித் தந்தால் அப்டேட்டோடு வரும் மாற்றக் குறிப்பில் (பேட்ச் நோட்ஸ்) அப்படியே எழுதுங்கள். பனிக்கிராமத்தின் இரவுக் காட்சி என்று சொல்லியிருந்தால், நான் அதைச் சந்தோஷமாகவே ஆடியிருப்பேன். மில்லுக்குப் பின்னால் இருக்கும் கோளாறையும் இந்த முறையாவது சரிசெய்யுங்கள்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டியது குறைதீர்ப்பு அலுவலரின் பொறுப்பு. அதற்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்.

பணம் கட்டிய ரசீது, அன்றைய அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட், இரண்டு மேப்பிலும் அதே வண்டி கிடக்கும் படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஆண்டு பாஸ் வாடிக்கையாளர்
சேலம்